பெரட்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும்

அனுப்புநர்:
திருமதி அழகன் சண்முகவடிவு,
5ஆம் லயம், 3ஆம் காம்பரா,
டன்வுட் தோட்டம், மேற்பிரிவு,
றொசல்ல.

பெறுநர்:
மேன்முறையீட்டு உத்தியோகத்தர் அவர்கள்,
தொழிலிழந்தோர் இடைக்கால உதவிப் பிரிவு,
ஹட்டன்.

விடயம்: கொந்தராத்துக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒன்பது பேரின் விண்ணப்பங்கள், முதலில் “வேலையில் உள்ளவர்கள்” என்றும் பின்னர் “வேலையைத் தாமாகவே விட்டவர்கள்” என்றும் நிராகரிக்கப்பட்டமைக்கு எதிரான மேன்முறையீடு.

தொடர்பு: தங்கள் பிரிவின் 2025.09.18, 2025.10.09 ஆகிய திகதிகளைக் கொண்ட கடிதங்கள்.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி தோட்டத்தில் கொந்தராத்து முறையில் கொழுந்து பறித்துவந்த ஒன்பது பெண்களுள் நானும் ஒருத்தி. மற்ற எட்டுப் பேரும் சேர்ந்து இம்மனுவை எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டியுள்ளனர். எனக்குத் தலைமைப் பண்பு இருக்கிறது என்பதற்காக அல்ல. சாதாரண தரம் வரை படித்திருக்கிறேன், என் கையெழுத்தைப் பிறரால் வாசிக்கவும் முடிகிறது என்பதற்காகவே. கடந்த ஓகஸ்ட் 9ஆம் திகதி சனிக்கிழமையோடு எங்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. இதனை எங்கள் தோட்டத்தில் அனைவரும் அறிவர். தங்கள் பிரிவு மட்டும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. இம்மாதம் 30ஆம் திகதிக்குள் அது ஏற்றுக்கொள்ளப்படாவிட்டால், மறுநாள் காலை நான் என் காம்பராவைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போயாக வேண்டும். ஆகவே இம்மனுவைப் பொறுமையாகவும், ஆனால் விரைவாகவும் வாசிக்குமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. வேலை போன விதம் பின்வருமாறு. ஆறாம் நம்பர் மலையில்தான் நாங்கள் ஒன்பது பேரும் நான்கு வருடங்களாகப் பறித்து வந்தோம். ஓகஸ்ட் மாதத்தில் அந்த மலைக்குக் கவ்வாத்து வெட்டினார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலை மொட்டையடித்த தலையைப் போன்றது. திரும்பவும் தளிர் எடுக்க ஐந்து மாதம், அதாவது தை மாதம் வரை ஆகும். தோட்டத்தின் செக்ரோல் என்ற சம்பளப் பதிவில் பெயர் உள்ளவர்களை நிர்வாகம் வேறு மலைகளுக்கு மாற்றிக்கொண்டது. நாங்கள் கொந்தராத்துக்காரர் திரு. பொன்னையாவின் ஆட்கள் என்பதால் எங்களை மாற்றுவதற்கு மலை இருக்கவில்லை. கடைசி நாள் மாலை கொழுந்தை நிறுத்து முடிந்ததும் அவர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, “தளிர் வந்ததும் நானே கூப்பிடுறேங்க. அதுவரைக்கும் பெரட்ட மட்டும் விட்றாதீங்க” என்று கூறிவிட்டுத் தமது சிறிய லொறியில் ஏறிச் சென்றார். பணிநீக்கக் கடிதம் என்று எதுவும் தரப்படவில்லை. அப்படி ஒரு கடிதம் உலகத்தில் உண்டு என்பதே தங்கள் விண்ணப்பப் படிவத்தின் நான்காம் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

3. தாங்கள் தோட்டத்தில் பிறந்தவராக இருந்தால் பின்வரும் விளக்கம் தேவையற்றது. இல்லாவிடில் மன்னித்து வாசிக்கவும். பெரட்டு என்பது காலை ஆறரை மணிக்குத் தொழிலாளர் அனைவரும் கூடி நிற்கும் இடம். அங்கேதான் யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுப்பார்கள். கொந்தராத்து ஆட்களுக்கு ஓரமாகத் தனி வரிசை உண்டு. பெரட்டுக்கு வந்தவருக்குக் கணக்கப்பிள்ளை தமது புத்தகத்தில் அடையாளமிடுவார். வராதவரின் பெயர் நாளடைவில் வெட்டப்படும். வேலை இருக்கிறதோ இல்லையோ பெரட்டில் முகத்தைக் காட்டிவிட வேண்டும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். எனது மாமியார் தமது திருமணத்தன்று காலையிலும் பெரட்டில் நின்றுவிட்டுத்தான் மணவறைக்கு வந்தாராம். இதில் கொஞ்சம் பொய் கலந்திருக்கலாம். ஆனால் எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

4. ஆகவே ஓகஸ்ட் 11ஆம் திகதி திங்கட்கிழமை முதல் நாங்கள் ஒன்பது பேரும் வழமைபோல நாலரைக்கு எழுந்து, சமைத்து வைத்து, இடுப்பில் படங்குத் துணி கட்டி, கூடையையும் மாட்டிக்கொண்டு பெரட்டில் போய் நின்றோம். அனைவருக்கும் மலை பிரித்துக் கொடுக்கப்படும். எங்கள் வரிசைக்கு வந்ததும் கணக்கப்பிள்ளை திரு. அழகுமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “உங்களுக்கு இன்னைக்கு இல்லங்க” என்பார். நாங்கள் “சரிங்க” என்று வீடு திரும்புவோம். இவ்வாறு முப்பத்தாறு நாட்கள் சென்றோம். இடையில் திருமதி வேலாயி மட்டும் காய்ச்சல் காரணமாக ஒரு நாள் வரவில்லை. அதற்காக மறுநாள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். எதற்கு மன்னிப்பு என்று யாரும் விசாரிக்கவில்லை.

5. கணக்கப்பிள்ளை அவர்கள் எங்கள் மேல் இரக்கப்பட்டு, நாங்கள் வந்த ஒவ்வொரு நாளும் புத்தகத்தில் எங்கள் பெயர்களுக்கு நேரே அடையாளமிட்டு வந்தார். அந்தப் புத்தகத்தில் “வந்தார்”, “வரவில்லை” என்று இரண்டே கட்டங்கள் உள்ளன. “வந்தார், வேலை இல்லை” என்று மூன்றாவது கட்டம் கிடையாது. நான் ஒரு நாள் அவரிடம் வேலை கேட்டு வற்புறுத்தியபோது அவர், “டிக் போடுறது என் கையில இருக்குங்கக்கா, வேலை போடுறது என் கையில இல்ல” என்றார். அவர் நல்ல மனிதர். இம்மனுவினால் அவருக்கு எந்தத் தொல்லையும் வரக்கூடாது என்பதையும் ஒரு கோரிக்கையாகவே இங்கு பதிவு செய்கிறேன்.

6. தங்கள் பிரிவின் உதவித் திட்டத்தைப் பற்றி ஹட்டனில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் ரினோஸா தங்கச்சி மூலமே அறிந்தோம். அவரே படிவங்களை எடுத்துத் தந்து நிரப்பவும் உதவினார். ஓகஸ்ட் 27ஆம் திகதி ஒன்பது விண்ணப்பங்களையும் கையளித்தோம். செப்டெம்பர் 3ஆம் திகதி காலை ஏழு மணிக்குத் தங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் மழைக்கோட்டுடன் மோட்டார் சைக்கிளில் பெரட்டுக்கு வந்தார். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் அவ்வளவு நேரத்தோடு வந்ததைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தது உண்மை. அவர் வந்த நேரத்தில் வேலாயி அக்கா, கொந்தராத்துக்காரர் எங்கள் அழைப்பைக் கண்டால் எப்படித் தொலைபேசியைக் காதிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு “சிக்னல் இல்ல, சிக்னல் இல்ல” என்று கத்துவார் என்பதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் எட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம்.

7. இதன் விளைவு செப்டெம்பர் 18ஆம் திகதிய கடிதத்தில் தெரிந்தது. கடிதம் சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. ரினோஸா தங்கச்சியே வாசித்துச் சொன்னார். பெரட்டுப் புத்தகத்தின்படி நாங்கள் ஓகஸ்ட் மாதத்தில் மட்டும் பதினெட்டு நாட்கள் “சமுகமளித்துள்ளதால்” தொழிலில் உள்ளவர்கள் என்றும், வெளிக்களப் பரிசோதனையின்போது “வேலைக்கான உடையில், மகிழ்ச்சியான நிலையில்” காணப்பட்டோம் என்றும், ஆதலால் உதவிக்குத் தகுதியற்றவர்கள் என்றும் அதில் இருந்தது.

ஐயா, தங்கள் உதவித் திட்டத்தின் சுற்றுநிருபத்தை முழுவதுமாக வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். தொழிலிழந்தவர் அழுதுகொண்டிருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. சிரிப்பதற்குச் செலவில்லை என்பதால் நாங்கள் சிரிக்கிறோம். நான் எழுதியதைத் தட்டச்சு செய்யும் ரினோஸா தங்கச்சி இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமே என்றார். இருக்கட்டும் என்று நானே கூறினேன்.

8. அக்கடிதத்திற்குப் பிறகு ஒன்பது பேரும் குழாயடியில் கூடிப் பேசினோம். பெரட்டுக்குப் போவதுதான் குற்றம் என்றால் போகாமல் இருந்துவிடுவோம், அப்போதாவது வேலை இல்லை என்பதை நம்புவார்கள் என்று முடிவு செய்தோம். முடிவு செய்வது சுலபமாக இருந்தது. செப்டெம்பர் 22ஆம் திகதி திங்கட்கிழமை காலை அதை நிறைவேற்றுவதுதான் கடினமாக இருந்தது. நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது. சமைத்தாயிற்று. படங்கும் கட்டியாயிற்று. அதன் பின்னர் எங்கே போவதென்று தெரியாமல் அவரவர் காம்பரா வாசலில் படங்கோடு உட்கார்ந்திருந்தோம். புதன்கிழமை வேலாயி அக்கா பழக்க தோஷத்தில் பாதித் தூரம் போய்விட்டார். சுதர்ஷினி என்ற எங்களில் இளையவள் பின்னாலேயே ஓடிப் போய்த் திருப்பிக் கூட்டி வந்தாள். வியாழக்கிழமை கணக்கப்பிள்ளையே லயத்துக்கு வந்து, “என்னங்க, ஏதும் கேதமா? ஒருத்தரையும் காணோம்” என்று விசாரித்தார். நாங்கள் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பெரட்டுக்கு வராமலிருக்க மரணத்தைத் தவிர வேறு காரணம் அவருக்குத் தோன்றவில்லை. விஷயத்தைக் கூறினோம். தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் புத்தகத்தில் ஏற்கனவே “வரவில்லை” என்று எழுதியாகிவிட்டது.

9. நாங்கள் போகாத அந்த ஆறு நாட்களின் பக்கத்தைப் பிரதி எடுத்து, மீள்பரிசீலனை கோரித் தங்கள் பிரிவிடம் நேரில் கையளித்தேன். அதற்குக் கிடைத்த பதிலே ஒக்டோபர் 9ஆம் திகதிய கடிதம். செப்டெம்பர் 22 முதல் முன்னறிவித்தலின்றிச் சமுகமளிக்காத காரணத்தால் நாங்கள் “தாமாகவே தொழிலைக் கைவிட்டவர்கள்” என்றும், அவ்வாறானவர்களுக்கு உதவி இல்லை என்றும் அக்கடிதம் கூறுகிறது. இம்முறை கடிதம் தமிழில் இருந்தது. அதற்கு எங்கள் நன்றி.

மறுநாளே அலுவலகத்துக்கு வந்தேன். முன்மேசையில் இருந்த தம்பி என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நான் கூறியதை முழுவதும் கேட்டார். பிறகு, “வந்தா வேலையில இருக்கீங்க. வராட்டி நீங்களா விட்டுட்டீங்க. படிவத்துல அப்படித்தாங்க இருக்கு, நான் என்னங்க செய்ய” என்று மிகுந்த வருத்தத்துடன் கூறினார். அவரது வருத்தம் உண்மையானது. எனக்கே அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும்போல இருந்தது.

10. தற்போதைய நிலைமையையும் மறைக்காமல் கூற விரும்புகிறேன். செப்டெம்பர் 29ஆம் திகதி முதல் நாங்கள் பெரட்டு மைதானத்துக்கு வெளியே, வேலியோரப் பாதையில் நிற்கிறோம். உள்ளே வந்தால் வந்தவர்கள். வீட்டில் இருந்தால் வராதவர்கள். வேலியோரம் நிற்பவர்களைப் பற்றிச் சுற்றுநிருபம் எதுவும் கூறவில்லை. கணக்கப்பிள்ளை எங்களைப் பார்க்காதது போல மலைப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். முழுத் தோட்டமும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது. நாங்களும் சிரிக்கிறோம். ஆனால் தீபாவளிக்கு ஒரு கிழமை இருக்கும்போது வேலியோரம் நின்று சிரிப்பது அவ்வளவு நன்றாக இல்லை.

11. எங்கள் வாதம் ஒன்றேதான். உதவி பெறுபவர் தொழிலற்றவராகவும், வேலை கிடைத்தால் உடனே செய்யத் தயாரானவராகவும் இருக்க வேண்டும் என்று சுற்றுநிருபத்தின் மூன்றாம் பந்தி கூறுகிறது. தயார் நிலையை நிரூபிக்கவும் வேண்டுமாம். நாங்கள் முப்பத்தாறு நாட்கள், மழையில், படங்கு கட்டி, கூடையோடு போய் நின்றதைவிட அதற்கு வேறு என்ன நிரூபணம் வேண்டும்? பெரட்டுப் புத்தகத்தில் உள்ள அடையாளம் நாங்கள் வேலை கேட்டு வந்ததற்குச் சாட்சி. வேலை செய்ததற்குச் சாட்சி அதுவல்ல. வேலை செய்ததற்குச் சாட்சி கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் உள்ள நிறுவைப் புத்தகம். பறித்தவளின் பெயரும் பறித்த கிலோவும் அதில் மாலை தவறாமல் பதியப்படும். ஓகஸ்ட் 9ஆம் திகதிக்குப் பிறகு அதில் எங்கள் ஒன்பது பேரின் பெயரில் ஒரு கிலோ கூட இல்லை. கொழுந்து பறிக்கும் பெண் வேலைக்குப் போயிருந்தால் கொழுந்து இருக்க வேண்டும். கொழுந்தும் இல்லாமல் நாங்கள் நாள் முழுவதும் மலையில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தங்கள் பிரிவு நினைக்கிறது?

தங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் பெரட்டுப் புத்தகத்தை மட்டுமே பார்த்தார். மடுவம் அங்கிருந்து நூறு மீற்றர் தூரம்தான். மழை பெய்துகொண்டிருந்ததால் அவர் வரவில்லை என்று நினைக்கிறேன்.

12. கொந்தராத்துக்காரரிடமிருந்து ஒரு கடிதமாவது பெற்றுத் தருமாறு தங்கள் பிரிவு கேட்டிருந்தது. மூன்று வாரம் துரத்திப் பெற்ற கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். ஓகஸ்ட் 9க்குப் பிறகு எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை என்பதை அவர் முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுள்ளார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வரியில், “இருப்பினும் இவர்கள் என்றைக்கும் என்னுடைய ஆட்களே” என்று பெருமையாக எழுதிவிட்டார். இரண்டாவது வரி பாசத்தினால் எழுதப்பட்டது என்றும், முதல் வரியே உண்மை என்றும் கருதுமாறு வேண்டுகிறேன். தாமும் இந்த உதவிக்கு விண்ணப்பிக்கலாமா என்று அவர் என்னிடம் விசாரித்தார். தங்களிடமே கேட்குமாறு கூறியுள்ளேன்.

13. கடைசியாக என்னைப் பற்றி. ஒன்பது பேரின் மனுவில் ஒருத்தியின் கதை வரலாமா என்று யோசித்தேன். எழுதச் சொன்னவர்களே அதையும் எழுது என்கிறார்கள். எனது கணவர் அழகன் கொழும்பில் மரம் விற்கும் மரக்காலை ஒன்றில் வேலை செய்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். நாங்கள் வாழ்வது இரண்டு கூலியில். ஒன்று போனதிலிருந்து எப்படியோ இரண்டு மாதம் ஓட்டிவிட்டோம். இனி முடியாது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமையலுக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். நல்லவர்கள் என்றே கேள்வி. அங்கேயே தங்க வேண்டும், பிள்ளையைக் கூட்டி வரக் கூடாது. மகள் நிலக்ஷிக்கு ஒன்பது வயது. அவளைப் பூண்டுலோயாவில் உள்ள என் கணவரின் தங்கை வீட்டில் விட்டு, அங்குள்ள பாடசாலையில் சேர்க்க வேண்டும். எந்தச் சட்டி அத்தை வீட்டுக்கு, எந்தச் சட்டி அம்மாவோடு கொழும்புக்கு என்று அவள் இப்போதே பிரித்து வைத்துவிட்டாள். அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் முயன்றேன். முடியவில்லை. எனக்குப் போக விருப்பமில்லை, ஐயா. இதை மனுவுக்குரிய மரியாதையான வார்த்தைகளில் எப்படி எழுதுவதென்று தெரியாததால் அப்படியே எழுதியுள்ளேன்.

தங்கள் திட்டத்தின் உதவி மூன்று மாதத்துக்கானது. நவம்பர், டிசெம்பர், ஜனவரி. ஆறாம் நம்பர் மலை தை மாதத்தில் தளிர்க்கும். யாரும் எங்களுக்காகவே இந்தக் கணக்கைப் போடவில்லை என்பது தெரியும். ஆனாலும் அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது.

14. எனவே, தாங்கள் தயவுகூர்ந்து பெரட்டுப் புத்தகத்தையும் நிறுவைப் புத்தகத்தையும் ஒரே மேசையில் அருகருகே திறந்து வைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். முதலாவது புத்தகத்தில் அடையாளமும் இரண்டாவது புத்தகத்தில் வெற்றிடமும் உள்ளவரே, வேலை தேடியும் கிடைக்காதவர். அவ்வாறு ஒன்பது பேரை அங்கே காண்பீர்கள். இரண்டு நிராகரிப்புகளையும் இரத்துச் செய்து, எங்களை ஓகஸ்ட் 9ஆம் திகதி முதல் தொழிலிழந்தவர்களாக ஏற்று, இம்மாதம் 30ஆம் திகதிக்கு முன்னர் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இனிமேலாவது நாங்கள் காலையில் பெரட்டில் நிற்பதா, வீட்டில் இருப்பதா என்பதையும் அதே கடிதத்தில் தெரிவித்தால் பெரும் உதவியாக இருக்கும். எதைச் சொன்னாலும் செய்கிறோம். வேலியோரம் மட்டும் வழுக்குகிறது.

15. பதில் அனுப்ப வேண்டிய முகவரி பற்றி ஒரு குறிப்பு. ஒக்டோபர் 30ஆம் திகதி வரை இம்மனுவின் தலைப்பில் உள்ள முகவரிக்கு அனுப்பவும். 31ஆம் திகதி முதல் பின்வரும் முகவரிக்கு அனுப்பவும்:

சண்முகவடிவு (சமையல்),
இல. 14/2, கடற்கரை ஒழுங்கை,
கொழும்பு 06.

இந்த இரண்டாவது முகவரிக்குக் கடிதம் எழுதும் சிரமத்தைத் தாங்கள் எனக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்) அ. சண்முகவடிவு
மற்றும் எட்டுப் பேர் (கையொப்பங்கள் மறுபக்கத்தில்)

இடம்: றொசல்ல
திகதி: 2025.10.13

இணைப்புகள்:
பெரட்டுப் புத்தகத்தின் பிரதி, 2025 ஓகஸ்ட் – செப்டெம்பர்
நிறுவைப் புத்தகத்தின் பிரதி, அதே காலப்பகுதி (எங்கள் பெயர்களைத் தேட வேண்டாம், இல்லை)
கொந்தராத்துக்காரரின் கடிதம் (முதல் வரி மட்டும் கவனத்திற்கு)